டி ஆர் சி வெந்நீர்க் குளியல்: அறையைப் பார்க்காதீர்கள், தொட்டியைப் பாருங்கள்

நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கியிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் தெற்கே 150 மைல் போனால் சியெரா கவுன்டியின் தலைநகர் வரும். 2020 கணக்கெடுப்பின்படி 6,052 பேர் வசிக்கும் சின்ன ஊர். பெயர் ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ். தமிழில் சொன்னால் 'உண்மை, இல்லையேல் விளைவு'. அவ்வளவு நீளமாக உள்ளூரில் யாரும் சொல்வதில்லை, 'டி ஆர் சி' என்றுதான் சொல்வார்கள். லாஸ் குரூசெஸ் பக்கமாக ஒயிட் சாண்ட்ஸ் வெண்மணல் பார்க்கப் போகிறவர்களில் பலர் இங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு, பெயர்ப் பலகைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இந்த ஊர் விற்கும் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: நிலத்தடியிலிருந்து தானாகச் சூடாகி வரும் தண்ணீர். அதைச் சரியாக அனுபவிக்க ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். எங்கே தங்குவது என்பதை அறையின் அழகை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். தொட்டியை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் தண்ணீரைப் பற்றி. ரியோ கிராண்டே ஆறு ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்திருக்கிறது. ஆழத்துக்கு இறங்கும் நீர் அங்கே சூடேறி, பாறைப் பிளவுகள் வழியாக மேலே ஏறி, ஊர் நடுவே ஆற்றோரச் சரளை மண்ணில் பரவி நிற்கிறது. ஏறக்குறைய 98 முதல் 115 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 37 முதல் 46 செல்சியஸ் வரை சூடு இருக்கும். இனி டிகிரி என்று சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட்தான். பெரும்பங்கு சோடியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்புதான். உதட்டில் பட்டால் லேசாகக் கரிக்கும். கந்தக வாடை இல்லை. வெந்நீர் ஊற்று என்றாலே அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று பயப்படுகிறவர்கள் இங்கே தைரியமாக வரலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்.

இந்த வெந்நீர் ஊர் முழுக்கக் கிடைப்பதில்லை. பிராட்வே, மெயின் என்ற இரண்டு ஒருவழித் தெருக்களுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள சில தெருக்களுக்கு அடியில்தான் இருக்கிறது. குளியல் விடுதிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் 'ஹாட் டப்' என்று போட்டிருந்தால் அது குளோரின் போட்டுச் சூடாக்கிய குழாய்த் தண்ணீராகத்தான் இருக்கும். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

இப்போது தொட்டிக்கு வருவோம். இங்கே நாலு விதம் உண்டு, நாலும் நாலு அனுபவம்.

என் மதிப்பில் முதல் இடம் சரளைத் தரைக் குளத்துக்கு. ஊற்று கொப்பளிக்கும் இடத்திலேயே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, தரையை அப்படியே விட்டிருப்பார்கள். சிமென்ட் தளம் கிடையாது. படியில் இறங்கிக் காலை வைத்தால் கூழாங்கல் நறநறவென்று நகரும். கல்லிடுக்கிலிருந்து உள்ளங்காலுக்கு நேராகச் சூடு ஏறி வரும். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் முட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழும்புவது தெரியும். தண்ணீர் எந்நேரமும் அடியிலிருந்து வந்து, ஓரத்து வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். லா பலோமா விடுதியின் பழைய குளியலறைகள் இந்த வகை. இந்தியன் ஸ்பிரிங்ஸிலும் ஆடம்பரம் இல்லாத எளிய சரளைக் குளம் கிடைக்கும். இதில் ஒரு கட்டுப்பாடு: சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு சூடு, அதை ஊற்றுதான் தீர்மானிக்கிறது. 112 டிகிரிக் குளத்தில் இறங்கிவிட்டு 'கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விடுங்கள்' என்று கேட்டால் நடக்காது. முன்பதிவு செய்யும்போதே 'எந்தக் குளம் எத்தனை டிகிரி' என்று கேட்டு, முதல் முறை வருகிறவர்கள் 104-ஐ ஒட்டிய குளத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆற்றோரத் திறந்தவெளித் தொட்டி. ரிவர்பெண்ட் இதற்குப் பேர்போன இடம். பொதுக் குளங்களும் உண்டு, தனித் தொட்டிகளும் உண்டு. கீழே ஆறு ஓடுகிறது, எதிரே ஆமை படுத்திருப்பது போன்ற உச்சி உள்ள டர்டில்பேக் மலை. மலை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் சாயங்கால வெயில் அதன் முகத்தில் நேராக விழும். சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குகிற நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிற மலை செம்பு நிறமாக மாறி அணைவதைத் தொட்டியிலிருந்தே பார்க்கலாம். காற்று வீசும் நாளில் திறந்தவெளித் தொட்டி ஐந்தாறு டிகிரி ஆறினாற்போலத் தோன்றும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே காற்று அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அறைக்குள்ளேயே இருக்கும் தொட்டி. பிளாக்ஸ்டோன் விடுதி இந்த வகை. பொது இடத்தில் குளிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் சரி. ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வராவிட்டாலும் குழாயைத் திறந்து ஊறலாம். நிரப்பிக் குளித்துவிட்டு வடித்துவிடும் தொட்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் தொட்டியின் கல்லும் ஓடும் முதலில் விழுகிற தண்ணீரின் சூட்டை உறிஞ்சிவிடும். 108 டிகிரியில் வந்த தண்ணீர் நிரம்பி முடியும்போது 102-க்கு இறங்கியிருந்தால் விடுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. கால்வாசி நிரப்பி, ஐந்து நிமிஷம் விட்டு, வடித்துவிட்டு மறுபடி நிரப்பினால் சூடு நிற்கும். தண்ணீரை இப்படி வீணாக்க மனமில்லையென்றால், குளிர்காலத்தில் குழாயை நூல் போலத் திறந்து வைத்துக்கொண்டே ஊறுங்கள்.

நாலாவது, வீட்டுக் குளியல் தொட்டி மாதிரி சின்ன அறைக்குள் ஓடு பதித்த பழைய தொட்டி. அரை மணி, ஒரு மணி என்று காசு கொடுத்துக் குளித்துவிட்டுப் போகலாம், தங்க வேண்டியதில்லை. ஆர்ட்டீசியன் குளியல் விடுதியில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை நிறுத்தவும் இடம் உண்டு. அழகை எதிர்பார்த்து இங்கே போகாதீர்கள். இது 1930-களின் குளியல் முறை; தண்ணீருக்காகப் போகிற இடம்.

எல்லா இடத்திலும் கண்ணில் படுவது உப்புப் படிவு. குழாய் வாயிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது அழுக்கு இல்லை, கனிமம், கவலை வேண்டாம். ஆனால் தொட்டியின் உட்புறம் நீர்மட்டக் கோட்டில் விரலால் தேய்த்தால் வழுக்குகிறதா பாருங்கள். வழுக்கினால் அது பாசியும் உடம்பு எண்ணெயும் சேர்ந்தது, சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். பொதுவாக இங்கே தண்ணீரில் குளோரின் கலப்பதில்லை. தொடர்ந்து புதுத் தண்ணீர் வருவதும், தினமும் தேய்த்துக் கழுவுவதும்தான் சுத்தத்துக்கு உத்தரவாதம். வழுக்கும் தொட்டியைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குளிக்கும் முறையில் நம்மவர்கள் செய்யும் தவறுகள் சில உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து ஊறலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் தண்ணீர் மேல் படலமாக மிதக்கும், சரளையில் இறங்கினால் மறுபடி போகவே போகாது, அடுத்து வருகிறவருக்கும் அதுதான் மிஞ்சும். தொட்டிக்குள் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம்; சோப்பு இந்தத் தண்ணீரில் சரியாக நுரைக்காது, திரிந்து மிதக்கும். இறங்குமுன் ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டு வாருங்கள். எண்ணெய் குளித்து முடித்த பிறகு. உப்பு காய்ந்து தோல் நமைக்கும் உடம்பாக இருந்தால் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

முதல் தடவை 10 நிமிஷம் போதும். வெளியே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உடம்பு ஆறிய பின் இரண்டாம் தடவை 15 நிமிஷம். 108 டிகிரிக்கு மேல் போனால் கழுத்து வரை முங்காமல் இடுப்பு வரை மட்டும் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தோமே என்று ஒரு மணி நேரமும் தண்ணீரிலேயே கிடப்பவர்கள்தான் எழுந்திருக்கும்போது தள்ளாடுகிறார்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும்; சட்டென்று எழுந்தால் தலைக்கு ரத்தம் ஏறுவதற்குள் கண் இருட்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,200 அடி உயரத்தில், பாலைவனக் காற்றில் இருக்கிறது. வியர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பியர், ஒயின் எல்லாம் பிறகு. கர்ப்பிணிகளும், இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. யாராக இருந்தாலும் தலையை முக்க வேண்டாம்: மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அரிதான அமீபா ஒன்று வெந்நீர் ஊற்றுகளில் வாழக்கூடியது. குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மூட்டு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும் இந்த ஊறல் சுகம் தரும், அதில் சந்தேகமில்லை. கனிமங்கள் தோல் வழியாக ஏறி நோய் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வெந்நீரின் சூடும், உடம்பைத் தாங்கும் மிதப்பும் செய்கிற வேலையே போதுமானது. 1937-ல் கேரி டிங்லி குழந்தைகள் மருத்துவமனையை இங்கே திறந்ததற்கும் அதுதான் அடிப்படை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பிள்ளைகளை வெந்நீரில் மிதக்கவிட்டு அசைய வைத்தார்கள். தரையில் தூக்க முடியாத காலைத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். அந்த மருத்துவமனை 1981-ல் ஆல்புகெர்க்கிக்குப் போய்விட்டது. மேட்டில் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குப் பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான மாநில இல்லம் வந்தது.

ஊரின் பழைய பெயர் ஹாட் ஸ்பிரிங்ஸ், வெந்நீர் ஊற்று. அதற்கும் முன்னால் பலோமாஸ் ஹாட் ஸ்பிரிங்ஸ். பலோமா என்றால் ஸ்பானிய மொழியில் புறா. அப்பாச்சி பழங்குடி மக்கள் இந்த நிலப்பரப்பில் வாழ்ந்தவர்கள். ஊராக இது திரண்டது அணை வேலையால்தான். பக்கத்தில் 1911 முதல் 1916 வரை எலிஃபன்ட் பியூட் அணையைக் கட்டினார்கள். 301 அடி உயரம். கல்லும் கான்கிரீட்டும் சுமந்த தொழிலாளிகள் உடம்பு வலி தீர இங்கே வந்து ஊறினார்கள், அவர்களை நம்பிக் கடைகளும் குளியல் கொட்டகைகளும் வந்தன. பின்னால் ஏறக்குறைய 40 குளியல் விடுதிகள் இருந்த காலமும் உண்டு. இன்று ஏறக்குறைய பத்துதான் மிச்சம்.

பெயர் மாறியது 1950-ல். அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் வேறு ஊர்களும் உண்டு. ஆர்கன்சாஸில் இருப்பது மிகப் பிரபலம், இந்தச் சின்ன ஊர் அதன் நிழலில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போது என்.பி.சி. வானொலியில் ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய கேள்வி விளையாட்டு ஒன்று கொடிகட்டிப் பறந்தது. பதில் சொல்ல முடியாத குறும்புக் கேள்வி கேட்பார்கள். உண்மையான பதிலைச் சொல்லாவிட்டால் விளைவை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதாவது ஏதாவது கோமாளித்தனம் செய்து காட்ட வேண்டும். நிகழ்ச்சியின் பெயரே ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ். பத்தாம் ஆண்டு விழாவை, தன் பெயரை நிகழ்ச்சியின் பெயராக மாற்றிக்கொள்ள முன்வரும் ஊரிலிருந்தே ஒலிபரப்புவதாக எட்வர்ட்ஸ் அறிவித்தார். ஹாட் ஸ்பிரிங்ஸ் முன்வந்தது. வாக்கெடுப்பில் ஆதரவு 1,294, எதிர்ப்பு 295. 1950 ஏப்ரல் 1 அன்று புதுப் பெயரோடு நிகழ்ச்சி அங்கிருந்தே போனது.

ஒருநாள் விளம்பரத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் நிலைத்ததற்கு எட்வர்ட்ஸ்தான் காரணம். சுமார் 50 ஆண்டுகள், மே மாதம் முதல் வார இறுதியில் நடக்கும் ஃபியஸ்டா திருவிழாவுக்கு அவர் வந்துகொண்டே இருந்தார். ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1964-லும் 1967-லும் பெயரைப் பற்றி மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் புதுப் பெயரே வென்றது. என்றாலும் வெந்நீருக்காக வருகிறவர்களின் பக்கம் நின்று சொன்னால், பழைய பெயர் நல்ல பெயர். இந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று அது தானே சொல்லிவிடும். இன்றைய பெயரைக் கேட்டு வருகிறவர்களுக்கு வெந்நீர் இருப்பதையே யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் எந்நாளும் இப்படியே வரும் என்றும் இருந்துவிட முடியாது. ஆளாளுக்குக் குழாய்க் கிணறு இறக்கினால் நிலத்தடி அழுத்தம் குறைந்து பக்கத்து வீட்டு ஊற்று படுத்துவிடும். அதனால் 1930-களிலேயே இந்த வெந்நீர்ப் படுகையை மாநில அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆற்றுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாசனத்துக்காக அணையில் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் ஆற்று மட்டம் உயர்ந்து, நிலத்தடி வெந்நீரை முட்டுக்கொடுத்து நிறுத்தும். திறப்பை நிறுத்திவிட்டால் ஆறு வற்றும், ஊற்று மட்டமும் கூடவே இறங்கும். குளிர்காலத்தில் குளியல் விடுதிகளுக்குத் தண்ணீர் மட்டம் குறையாமல் இருக்க ஆற்றின் குறுக்கே தற்காலிக மண் கரை போடும் வழக்கம் இங்கே உண்டு. சரளைத் தரைக் குளத்துக்கென்றே வருகிறவர்கள், தண்ணீர் இப்போது எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று போனில் கேட்டுவிட்டு வருவது நல்லது.

குளிக்க உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகலில் இதமான வெயில், ராத்திரியில் உறையும் குளிர். 106 டிகிரித் தண்ணீரின் அருமை அப்போதுதான் தெரியும். ஜூன் மாதத்தில் வெளியே 95-க்கு மேல் கொளுத்தும்போது வெந்நீரில் இறங்குவது தண்டனை. ஃபியஸ்டா வார இறுதியிலும், எலிஃபன்ட் பியூட் அணையின் ஏரிக்குப் படகு இழுத்துக்கொண்டு கூட்டம் வரும் கோடை விடுமுறை நாட்களிலும் அறை கிடைப்பது கஷ்டம். அமைதி வேண்டுமென்றால் செவ்வாய், புதன். ஆனால் அந்த நாட்களில் சாப்பாட்டுக் கடை பல மூடியிருக்கும்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, சிவப்பு மிளகாய்க் குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பச்சை மிளகாய்க் குழம்பும் சீஸும் வைத்த என்சிலாடா என்ற சோள ரொட்டிச் சுருள் நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சோப்பைப்பியா என்று ஒன்று தருவார்கள். உப்பலான பூரியேதான், தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். மிளகாய்க்குப் பேர்போன ஹாட்ச் ஊர் தெற்கே 40 மைலில்தான். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வந்தால் கம்பி உருளையில் மிளகாய் வாட்டும் வாசனை சாலை வரைக்கும் வரும், அங்கே ஒரு மூட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு குளியலுக்கு நடுவே பார்க்க ஜெரோனிமோ ஸ்பிரிங்ஸ் அருங்காட்சியகம் போதும். பழங்காலப் பூர்வகுடிகளான மிம்பிரஸ் மக்களின் கறுப்பு-வெள்ளை மண்பாண்டங்கள் அங்கே இருக்கின்றன; கிண்ணத்தின் உட்புறம் மெல்லிய கோடுகளால் வரைந்த உருவங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எட்வர்ட்ஸுக்கும் ஓர் அறை உண்டு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஓவியக் கூடங்களைத் திறந்து வைக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களும் கலைஞர்களும் வாடகை குறைவென்று வந்து தங்கிய ஊர் இது என்பது அன்றைக்குத் தெரியும். மற்ற நாட்களில் பிராட்வேயில் மூடிய கடைகளும் கண்ணில் படும். செல்வச் செழிப்பான சுற்றுலா நகரத்தை எதிர்பார்த்து வராதீர்கள். தென்கிழக்கே பாலைவனத்தில் ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா விண்தளம் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் நேராகப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

கடைசிக் குளியலைக் கிளம்பும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஊறி எழுந்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால், ஆளில்லாத நேர்ச்சாலையில் அரை மணி நேரத்துக்குள் கண் சொக்கும். முந்தின ராத்திரியே முடித்துவிடுங்கள். காலையில்தான் வேண்டுமென்றால் விடிந்ததும் ஒரு 10 நிமிஷம், பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு டம்ளர் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.